‘வெரைட்டி’ – ஒரு சொல்லாராய்ச்சி

சென்ற பொங்கல் விழாவுக்கு நம் மன்றத்தார் ஆங்கிலத்தில் ஓர் அழைப்பிதழ் அச்சிட்டிருந்தனர். அதன் கடைசி வரியில் ‘வெரைட்டி ரைஸ்’ வழங்கப்படும் என்று கண்டிருந்தது. விழாவுக்கு வந்திருந்த வடநாட்டுப் பேராசிரியர் ஒருவர் நெல்லைப் பற்றியே நெடுங்காலம் ஆராய்ந்து வருபவர். அவர் பந்தியில் அமர்ந்ததும், “எந்த வெரைட்டி?” என்று ஆவலோடு வினவினார்.

“எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர்” என்றார் பரிமாறிய நண்பர்.

“நான் அரிசியைக் கேட்கிறேன்.”

“பொன்னி, ஐயா.”

“நான்குமா?”

“நான்கும் பொன்னிதான்.”

“அப்படியானால் வெரைட்டி எங்கே இருக்கிறது?”

பந்தி முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த மாதமே அந்தச் சொல் என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்தக் கதையைப் பின்னர்ச் சொல்கிறேன். அதைச் சொல்வதற்கு முன் சொல்லின் இலக்கணத்தைச் சிறிது நோக்க வேண்டும்.

‘வெரைட்டி’ என்னும் ஆங்கிலச் சொல்லை அறியாதார் நம்முள் எவருமில்லை. துணிக்கடையில் வெரைட்டி கேட்கிறோம். விடுதிச் சாப்பாட்டில் வெரைட்டி இல்லை என்று குறைப்படுகிறோம். ‘வகை’ என்பது அதன் பொருள் என்று பள்ளியில் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். பாதி இடங்களில் அப்பொருள் பொருந்தும். மீதிப் பாதியில் நேர் எதிரான பொருளில் கொண்டு போய் விடும். ஏனெனில் இந்த ஒரே சொல் ஆங்கிலத்தில் ‘ஒரு வகை’ என்றும் பொருள்படும். ‘பல வகை’ என்றும் பொருள்படும். ஒன்றையும் பலவற்றையும் இப்படி ஒரே சொல்லால் சுட்டுவதால் நாம் இடறி விழுகிறோம்.

இச்சொல் இலத்தீனில் ‘வாரியுஸ்’ என்னும் சொல்லின் வழி வந்தது. புள்ளியும் கோடுமாக, பல நிறம் படர்ந்திருப்பதை அச்சொல் குறிக்கும். சிறுத்தையின் தோலை எண்ணிக் கொள்ளுங்கள். தோல் ஒன்றே, அதன்மேல் நிறம் பல. ஒன்றுக்குள் பல என்னும் அந்தப் பழைய காட்சி இன்றும் இச்சொல்லை விட்டு அகலவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆங்கிலத்தில் இதன் ஆட்சியை மூன்றாகக் காணலாம். எண்ணக்கூடிய பெயராக வரும்போது அது ஒரு வகையைக் குறிக்கும். ‘எ நியூ வெரைட்டி ஆஃப் ரைஸ்’ என்றால் புதிய நெல் ரகம் ஒன்று என்பது பொருள். ‘த்ரீ வெரைட்டீஸ்’ என்றால் மூன்று ரகங்கள். இது நம் ‘வகை’க்கு நேரானது, தொல்லையில்லை.

‘எ வெரைட்டி ஆஃப்’ என்று தொடங்கி அதன்பின் பன்மைப் பெயர் வருமாயின் பொருள் தலைகீழாக மாறி விடும். ‘எ வெரைட்டி ஆஃப் ஸீட்ஸ்’ என்றால் ஒரு வகை விதை அன்று. பல வகை விதைகள். தொடக்கத்தில் ‘எ’ என்னும் ஒருமைக் குறி நிற்பதைக் கண்டு நாம் ஏமாந்து போகிறோம். வினையும் பெரும்பாலும் பன்மையாகவே வரும்: ‘வேர் ஸோன்’ என்று எழுத வேண்டும். ஆனால் ‘எ’ என்பதை எடுத்து விட்டு ‘த’ என்று போட்டால் வினை மீண்டும் ஒருமைக்குத் திரும்பி விடும்: ‘த வெரைட்டி ஆஃப் ஸீட்ஸ் வாஸ்’ என்பதே முறை. இங்கே பேசப்படுவது விதைகளைப் பற்றியன்று. அவற்றின் வேறுபாட்டைப் பற்றியது.

எண்ண முடியாத பண்புப் பெயராக, ‘எ’யும் இல்லாமல் ‘எஸ்’ஸும் இல்லாமல் வருவது மூன்றாவது ஆட்சி. ‘விடுதிச் சாப்பாட்டில் வெரைட்டி இல்லை’ என்று நாம் தமிழ் வாக்கியத்தில் கலந்து பேசும்போது இதைத்தான் ஆளுகிறோம். ஒன்றைப் போல் ஒன்று இராமை என்பது அதன் கருத்து.

முதலிரண்டையும் பிரித்தறிய ஒரு சிறிய உபாயம் உண்டு. சொல்லுக்கு முன்னால் ‘நியூ’ என்பதைச் சேர்த்துப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் அது ஒரு வகை. ‘வைட்’ என்பதைச் சேர்த்துப் பாருங்கள். அது பொருந்தி வந்தால் பல வகை. ‘எ வைட் வெரைட்டி ஆஃப் ஸீட்ஸ்’ என்பார்களே தவிர, ஒரே ஒரு ரகத்தை யாரும் ‘வைட்’ என்று சொல்ல மாட்டார்கள்.

நம்மவர் கட்டுரைகளில் ‘வெரைட்டீஸ் ஆஃப் ரீஸன்ஸ்’ என்று எழுதுவதையும் காண்கிறேன். காரணங்கள் பல என்று சொல்ல வந்தவர், பல என்பதால் சொல்லையும் பன்மையாக்கி விடுகிறார். ஒருமையாகவே விட்டிருந்தால் போதும். ‘வேரியஸ் ரீஸன்ஸ்’ என்பது இன்னும் எளிது.

இனித்தான் தொல்லை. ‘ஆஃப்’ என்பதற்குப் பின்னால் எண்ண முடியாத பெயர் வந்தால் என்ன ஆகும்? கோதுமை என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘வீட்’ அப்படிப்பட்ட பெயர். அதற்குப் பன்மை எழுதுவது வழக்கமில்லை. ‘எ வெரைட்டி ஆஃப் வீட்’ என்றால் கோதுமையில் ஒரு ரகமா, பல ரகங்களா? பெரும்பாலோர் ஒரு ரகம் என்றே கொள்வர். எழுதியவன் மனத்தில் பல ரகங்கள் இருந்தால் அதைக் காட்டிக் கொடுக்க அந்தத் தொடரில் ஒரு குறியும் இல்லை. இந்தப் பள்ளத்தில்தான் நான் விழுந்தேன். விழும்போது என்னோடு இன்னொருவரையும் இழுத்துக் கொண்டேன்.

நான் இங்கு முதலாண்டில் சேர்ந்த குளிர்காலம் அது. எங்கள் ஆய்வுக்குழு கோதுமைப் பாத்திகள் போட்டிருந்தது. பாத்திகளைச் சுற்றி ஓர வரிசைகள் விதைப்பது வழக்கம். ஓரத்தில் நிற்கும் பயிருக்கு வெயிலும் சத்தும் கூடுதலாகக் கிடைக்குமாதலால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உள்ளே இருக்கும் பாத்திகளுக்கு வேலியாக மட்டும் அது நிற்கும். ஆகவே மீந்து போன ஐந்து ரகங்களின் விதைகளை ஒன்றாகக் கலந்து ஓரத்தில் போட்டோம். வயல் குறிப்பேட்டை எழுதும் பொறுப்பு என்னுடையது. மேல் வரியில் ‘எச்.டி. 2967’ என்று எங்கள் பாத்தியில் விதைத்த ரகத்தின் பெயரைக் குறித்தேன். அடுத்த வரியில், ஓரங்களில் ‘எ வெரைட்டி ஆஃப் வீட்’ விதைக்கப்பட்டது என்று எழுதினேன். வகைவகையான கோதுமை என்பது என் கருத்து. எழுதி முடித்தபோது நல்ல ஆங்கிலமாகவே எனக்குப் பட்டது.

ஏப்ரலில் அறுவடை. சித்திரையில் தமக்கைக்குத் திருமணம் என்று நான் மன்னார்குடிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குப் போய்விட்டேன். எங்கள் குழுவில் பீகாரைச் சேர்ந்த ஆய்வு மாணவர் ஒருவர் இருக்கிறார். மூத்தவர் என்பதால் ‘பையா’ என்று அழைப்பேன். காலந்தாழ்த்தி விதைத்த கோதுமையைக் கடைசிக் கோடை வெப்பம் எவ்வாறு தாக்குகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. அதற்கு ஒரே ரகத்தின் விதை நிறைய வேண்டியிருந்தது. குறிப்பேட்டைப் பார்த்திருக்கிறார். மேல் வரியில் ரகத்தின் பெயர். கீழ் வரியில் ‘ஒரு ரகம்’. இரண்டும் ஒன்றே என்று கொண்டு விட்டார். ஐயந்தீர என்னைத் தொலைபேசியில் இருமுறை அழைத்துமிருக்கிறார். கல்யாண வீட்டு மேளச் சத்தத்தில் நான் எடுக்கவில்லை. எடுக்காததைப் பிறகு நினைத்துப் பார்க்கவுமில்லை. ஓரப் பயிரை அறுத்துப் பையில் கட்டி, மேலே ஒரே ரகத்தின் பெயரை எழுதி வைத்து விட்டார்.

நவம்பர் முடிந்து டிசம்பரில், இருபத்து நான்கு பாத்திகளில் அந்த விதை விழுந்தது. முளைத்தபோது எல்லாம் ஒரே பச்சையாகத்தான் இருந்தது. பிப்ரவரி இறுதியில் கதிர் வெளியே வந்ததும் குட்டு உடைந்தது. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. ஒரு கதிருக்கு நீண்ட மீசை, பக்கத்துக் கதிருக்கு மீசையே இல்லை. கோதுமை தன் பூவின் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும் பயிர். ஆதலால் ஐந்து ரகங்களும் ஒன்றோடொன்று கலவாமல், தத்தம் உருவத்தோடு தனித்தனியாக நின்றன. இருபத்து நான்கு பாத்திகளிலும் அளக்கத் தக்கது ஒன்றுமில்லை. அவருடைய உதவித் தொகையும் இவ்வாண்டோடு முடிகிறது. கோதுமைக்கு ஆண்டில் ஒரு பருவந்தான்.

நான் குறிப்பேட்டைக் கொண்டு போய்க் காட்டி, என் கருத்து இன்னது என்று சொன்னேன். அவர் கடிந்து கொள்ளவில்லை. வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, “தம்பி, ‘கிஸ்ம் கிஸ்ம் கா கேஹூன்’ என்று இந்தியிலேயே எழுதி வைத்திருந்தால் எனக்கு விளங்கியிருக்குமே” என்றார்.

அந்த வார்த்தை என்னை உறங்க விடவில்லை. அவர் சொன்னது முற்றிலும் உண்மை. இந்தியில் ‘கிஸ்ம்’ என்றால் ஒரு வகை. ‘கிஸ்ம் கிஸ்ம்’ என்றால் பல வகை. தமிழிலும் அப்படியே. வகை என்றால் ஒன்று. வகைவகையாக என்றால் பல. விதம் என்றால் ஒன்று. விதவிதமாக என்றால் பல. நாம் பலவற்றைச் சொல்ல வேண்டுமானால் சொல்லை இரட்டித்து விடுகிறோம். காதில் விழுந்த மாத்திரத்தில் பொருள் தெளிவாகி விடுகிறது. ‘பல’, ‘சில’ என்னும் சொற்கள் தம்முன் தாமே வரும்போது எவ்வாறு புணரும் என்பதற்கு நன்னூலார் தனி விதியே வகுத்திருக்கிறார் என்றால், இப்பழக்கம் நம்மிடம் எவ்வளவு ஊறிப் போனது என்பதை உணரலாம். பற்பல, சிற்சில என்று இன்றும் எழுதுகிறோம்.

வயலில் நாம் வழங்கும் ‘ரகம்’ என்னும் சொல் உருது வழியாக வந்தது. ‘கிஸ்ம்’ என்பதும் அரபியிலிருந்து இந்திக்கு வந்ததுதான். வந்த சொற்களையும் விடாமல் இரட்டித்து, ‘ரகரகமாக’, ‘கிஸ்ம் கிஸ்ம்’ என்று நம் வழிக்குக் கொண்டு வந்து விட்டோம். வடக்கும் தெற்கும் இதில் ஒன்றுபட்டிருப்பதைக் காண எனக்கு வியப்பாக இருந்தது.

இதே இடத்தில் ‘டிஃபரன்ட்’ என்னும் சொல்லையும் ஒரு கை பார்த்து விடலாம். ‘ஒவ்வொரு பாத்திக்கும் டிஃபரன்ட் உரம் இடப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் எழுதினால், சென்ற முறை இட்டதற்கு வேறான உரம் என்றும் கொள்ளலாம். பாத்திக்குப் பாத்தி மாறுபட்ட உரம் என்றும் கொள்ளலாம். தமிழில் இந்த மயக்கம் எழாது. முன்னது ‘வேறு உரம்’. பின்னது ‘வெவ்வேறு உரம்’. நம்மவரும் வடநாட்டாரும் ஆங்கிலம் பேசும்போது ‘டிஃபரன்ட் டிஃபரன்ட் கலர்ஸ்’ என்று சொல்வதைக் கேட்டு, ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள் நகைப்பதுண்டு. நானும் நகைத்திருக்கிறேன். இப்போது நகைப்பதில்லை. ஆங்கிலம் வைக்கத் தவறிய ஒரு வேறுபாட்டைப் பாவம், அவர்கள் வலிந்து காப்பாற்றப் பார்க்கிறார்கள். தேர்வுத் தாளில் மட்டும் எழுதி விடாதீர்கள், மதிப்பெண் போய்விடும்.

நிற்க. அறிவியல் நூல்களில் இச்சொல் படும் பாட்டையும் சிறிது காண்போம்.

1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் தாவரச் சிற்றினங்களைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டபோது, ஒரு சிற்றினத்துக்குள் காணப்படும் வேறுபட்ட உருவங்களை வெரைட்டி என்று பெயரிட்டு, அவற்றைக் கிரேக்க எழுத்துக்களால் குறித்தார். இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழிந்து, 2021-இல் கொரோனாக் கிருமியின் மாற்றுருவங்களுக்கு உலக நலவாழ்வு நிறுவனம் ஆல்ஃபா, பீட்டா, டெல்ட்டா என்று பெயரிட்டதை நாம் அனைவரும் அறிவோம். அவற்றை ‘வேரியன்ட்’ என்றனர். அதுவும் இதே இலத்தீன் வேரிலிருந்து கிளைத்த சொல்லே.

தாவரவியலார் கணக்கில் வெரைட்டி என்பது சிற்றினத்துக்கும் துணைச் சிற்றினத்துக்கும் கீழே உள்ள ஒரு படி. நம் விடுதிச் சமையலறையே இதற்கு நல்ல சான்று. குளிர்காலம் முழுவதும் முட்டைக்கோசு ஒரு நாள், காலிபிளவர் மறுநாள், நூல்கோல் அதற்கு மறுநாள் என்று போட்டு, வெரைட்டி கொடுத்ததாகச் சமையற் பொறுப்பாளர் பெருமை பேசுகிறார். அவர் தாவரவியல் படித்தவரல்லர். ஆயினும் அவர் சொல்வது சரி. மூன்றும் ‘பிராசிக்கா ஓலரேசியா’ என்னும் ஒரே சிற்றினத்தின் வெரைட்டிகள். ஒன்றில் இலைகள் திரண்டு உருண்டன. ஒன்றில் பூங்கொத்து தடித்தது. மற்றொன்றில் தண்டு பருத்தது. உண்பவர்களாகிய நாம் கேட்பது மூன்றாவது பொருளிலுள்ள வெரைட்டி. அவர் தருவது முதற் பொருளிலுள்ளது. ஆதலால் இந்த வழக்கு என்றும் தீராது.

1858-ஆம் ஆண்டில் மலாய்த் தீவுக் கூட்டத்திலுள்ள டெர்னாட்டியிலிருந்து ஆல்பிரட் ரசல் வாலஸ் ஒரு கட்டுரையை டார்வினுக்கு அனுப்பினார். அக்கட்டுரையின் தலைப்பிலேயே இச்சொல் இருந்தது. வெரைட்டிகள் என்பவை நிலையற்றவை, விட்டு விட்டால் பழைய உருவுக்கே மீண்டு விடும் என்று பலரும் எண்ணியிருந்த காலம். அப்படியன்று, அவை மூல உருவினின்று மேலும் மேலும் விலகிச் செல்ல வல்லன என்று வாலஸ் வாதிட்டார். அவ்வாண்டு ஜூலை முதல் நாள் லண்டன் லின்னேயக் கழகத்தில் டார்வினுடைய எழுத்துக்களோடு சேர்த்து அது படிக்கப்பட்டது. மறு ஆண்டு வெளிவந்த டார்வினுடைய நூலின் முதல் இரண்டு அத்தியாயங்களின் தலைப்பிலும் வருவது ‘வேரியேஷன்’. வெரைட்டி என்பது வேறுபட்டு நிற்கும் பொருள். வேரியேஷன் என்பது வேறுபடுதல் என்னும் நிகழ்ச்சி, அல்லது வேறுபட்ட அளவு. ‘வேரியேஷன் ஆஃப் ரைஸ்’ என்று ஒரு நண்பர் நெல் ரகத்தைக் குறித்து எழுதியிருந்தார், அது பிழை.

உழவர் வளர்க்கும் ரகத்தையும் தாவரவியலார் சொல்லும் படிநிலையையும் ஒரே சொல்லால் குறிப்பதால் விளையும் குழப்பத்தைக் கண்டு, லிபர்ட்டி ஹைடு பெய்லி என்னும் அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் 1923-இல் ‘கல்ட்டிவார்’ என்று ஒரு புதுச் சொல்லைப் படைத்தார். பயிரிடப்பட்ட வெரைட்டி என்பதன் சுருக்கம் அது. அந்தக் கணக்கில் பொன்னி ஒரு கல்ட்டிவார். (பொன்னியும் பிறப்பால் சோழ நாட்டதன்று, மலேசியாவிலிருந்து ‘மாசூரி’ என்னும் பெயரோடு வந்து, காவிரியின் பெயரைச் சூடிக் கொண்டது.) நூல்களில் அச்சொல் நிலைத்தது. வயலிலும் சட்டத்திலும் பழைய வெரைட்டியே ஆட்சி செய்கிறது.

சட்டம் என்றேன். நம் நாட்டில் 2001-இல் பயிர் ரகங்களையும் உழவர் உரிமைகளையும் காக்க ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன்படி ஒரு புதிய ரகத்தைப் பதிவு செய்ய வேண்டுமானால் அது புதியதாக இருக்க வேண்டும்; மற்ற ரகங்களிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும்; தனக்குள் ஒரே சீராக இருக்க வேண்டும்; தலைமுறைதோறும் மாறாமல் நிலைத்திருக்க வேண்டும். ‘ஒரே சீராக’ என்பதை மறுமுறை படியுங்கள். பல நிறம் படர்ந்தது என்று பிறந்த சொல், ஒன்றைப் போல் ஒன்று இராமை என்று அகராதி சொல்லும் சொல், வயலுக்குள் வந்ததும் எல்லாச் செடியும் ஒன்றைப் போலவே இருந்தால்தான் தன் பெயரைத் தருவேன் என்கிறது! வயலுக்கும் வயலுக்கும் இடையே வேறுபாடு, வயலுக்குள்ளே ஒருமைப்பாடு. இவ்விரண்டும் சேர்ந்ததே உழவனுடைய வெரைட்டி. நம் முன்னோர் காத்து வந்த மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் போன்றவற்றுக்கு ‘உழவர் ரகம்’ என்று அச்சட்டத்திலேயே தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் பாத்திகள் பாழான செய்தியை அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். ஆங்கில இலக்கணமெல்லாம் அவருக்கு விளக்கிக் கொண்டிருக்கவில்லை. ஐந்து ரகம் கலந்து விட்டது என்று மட்டும் சொன்னேன். “கதிர் வரும்போது கலவன் எடுக்க வேண்டியதுதானே?” என்றார். விதைக்கு விடும் வயலில் வேற்று ரகச் செடிகள் தலை காட்டினால் அவற்றுக்குக் ‘கலவன்’ என்று பெயர். வரிசை வரிசையாக நடந்து அவற்றைப் பிடுங்கி எறிந்து விடுவார்கள். “ஐந்தில் எது கலவன் அப்பா?” என்று கேட்டேன். சிறிது நேரம் பேச்சில்லை. “யாருடைய வயல்?” என்று கேட்டார். சொன்னேன். “அந்தப் பிள்ளைக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்” என்று சொல்லி வைத்து விட்டார்.

வெரைட்டியோடு சேர்த்து எண்ண வேண்டிய சொல் ‘டைவர்சிட்டி’. பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே வழங்குகிறோம். உயிரியலில் இரண்டுக்கும் இடையே ஒரு கோடு உண்டு. இரண்டு நிலங்களைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் நூறு செடிகள். ஒவ்வொன்றிலும் ஐந்து இனங்கள். முதல் நிலத்தில் ஓர் இனம் 96 செடிகள்; மற்ற நான்கும் ஒவ்வொரு செடியே. இரண்டாம் நிலத்தில் ஒவ்வோர் இனத்துக்கும் 20 செடிகள். எத்தனை வகை என்று கேட்டால் இரண்டுக்கும் விடை ஐந்துதான். இப்போது கண்ணை மூடிக் கொண்டு ஒரு செடியைத் தொடுங்கள். மீண்டும் ஒரு முறை தொடுங்கள். இரண்டு முறையும் வெவ்வேறு இனமாக அமைவதற்கு முதல் நிலத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய எட்டு வாய்ப்பு. இரண்டாம் நிலத்தில் நூற்றுக்கு எண்பது. 1949-இல் எட்வர்டு சிம்ப்சன் காட்டிய அளவு முறை ஏறத்தாழ இதுவே. வகைகளின் எண்ணிக்கையோடு, அவை எவ்வளவு சமமாகப் பங்கிட்டுக் கொண்டு வாழ்கின்றன என்பதையும் சேர்த்து அளப்பதால்தான் டைவர்சிட்டிக்குத் தனிச் சொல் வேண்டியிருக்கிறது.

இந்தச் சொல்லுக்குத் தமிழில் வழங்கும் ‘பல்லுயிர்ப் பெருக்கம்’ என்னும் பெயர் எனக்கு நிறைவளிக்கவில்லை. பெருக்கம் என்றால் எண்ணிக்கை கூடுதல். ஒரே இனத்து முயல் ஆயிரமாய்ப் பெருகினாலும் அது பெருக்கமே, பல்வகைமை ஆகாது. முதல் நிலத்தில் 96 செடியாய்ப் பெருகிய இனத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே பெருக்கமே பல்வகைமையைக் கெடுத்து விட்டது. ‘பல்லுயிரியம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது மேலென்று நினைக்கிறேன். தமிழ் படிக்கும் நண்பர்கள் இதைப் பற்றி இம்மலரிலேயே எழுதினால் நன்றாயிருக்கும்.

கலைமேடையிலும் இச்சொல்லுக்கு நீண்ட வாழ்வு உண்டு. பாரிசில் 1807-இல் திறக்கப்பட்ட ஒரு நாடக அரங்குக்கே இதன் பிரெஞ்சு வடிவந்தான் பெயர். பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையுமாகக் கலந்து தரும் நிகழ்ச்சியை ஆங்கிலேயர் வெரைட்டி என்றே அழைத்தனர். நாம் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் ‘பல்சுவை நிகழ்ச்சி’ என்றோம். இச்சொல்லுக்குத் தமிழில் அமைந்த பெயர்ப்புகளில் இதற்கு ஈடாக வேறொன்றை நான் கண்டதில்லை. ஒன்றா பலவா என்னும் மயக்கமே அதில் இல்லை.

‘வெரைட்டி ரைஸ்’ என்பது மட்டும் நம்முடைய சொந்தப் படைப்பு. பொங்கலன்று பேராசிரியர் தடுமாறியதில் வியப்பில்லை. அதற்கு நம் வீடுகளில் ‘கலந்த சாதம்’ என்றொரு பெயர் முன்பே உண்டு. வயலில் கலந்தால் ரகம் கெட்டது. அடுப்படியில் கலந்தால்தான் ரகம் பிறக்கிறது. சித்திரைத் திருநாள் அழைப்பிதழை எழுதித் தருமாறு மன்றச் செயலாளர் இம்முறை என்னிடம் கேட்டிருக்கிறார். எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என நான்கு சாதங்களின் பெயரையும் தனித்தனியே எழுதிக் கொடுத்தேன். வரி நீண்டு விட்டது, ‘வெரைட்டி ரைஸ்’ என்று சுருக்கக் கூடாதா என்று கேட்டார். கூடாது என்று சொல்லி விட்டேன்.

பையா உதவித் தொகை இல்லாமலே இன்னும் ஓராண்டு இங்கே தங்கப் போகிறார். மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். வரும் ஏப்ரலில் நான் ஊருக்குப் போகவில்லை. தனி ரகம் விதைத்த உட்பாத்தியிலிருந்து அவருக்கு வேண்டிய விதையை நானே அறுத்துக் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பைக்கு மேல் கட்டும் அட்டையில் ‘வெரைட்டி’ என்று அச்சிட்டு ஒரு கோடு விட்டிருக்கும். அந்தக் கோட்டில் ரகத்தின் பெயரையும் எண்ணையும் எழுதி, அதன் கீழே ‘ஒரே ரகம்; கலப்பில்லை’ என்று இந்தியிலும் எழுதப் போகிறேன். இந்தி வாசகத்தை அவரிடமே காட்டிப் பிழை திருத்தி வாங்கி வைத்திருக்கிறேன்.